கயெத்தானின் கோதுமை

2006 செப்டம்பர் 5, செவ்வாய்

இன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் விவசாயி கயெத்தான் தொப்பியைக் கழற்றி மேசையில் ஓங்கி அடித்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் மடியில் கோப்பி. உடனே மன்னிப்புக் கேட்டார். அதையும் கோபமாகத்தான் கேட்டார்.

மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் இருக்கும் இந்தக் கோதுமை விவசாயிகள் சங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மனுசன் அம்புறோஸ் கேட்டார், “விவசாயியளுக்கு என்னத்துக்கப்பா ஒஃபிஸ்?” என்று. அப்போது எனக்கும் பதில் தெரியாது. இப்போது தெரியும். தனியாகப் போனால் ஆலைக்காரன் சொன்னதுதான் விலை. சேர்ந்து போனால் வாய் திறக்கலாம். விலை பேசுவது, அநியாயம் நடந்தால் போய் நிற்பது, அமைச்சரின் கதவைத் தட்டுவது எல்லாம் சங்கம். நடத்துகிறவர்களும் வேறு யாருமில்லை, தங்களுக்குள்ளேயே வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த விவசாயிகள். என் முதலாளிமார் எல்லாருக்கும் நகத்துக்குள் மண்.

இந்த வருடச் சண்டை பாணுக்கான கோதுமையைப் பற்றியது. எங்கள் ஆட்கள் பாணுக்கு ஏற்ற நல்ல கோதுமைதான் விளைவிக்கிறார்கள். ஆனால் பெரிய பேக்கரிக்குப் போதுமான அளவு ஒருவரிடமும் தனியாக இல்லை. அதனால் அது பன்றித் தீவன விலைக்குப் போகிறது. மொன்றியலில், சென்ட் லோரன்ட்டில் ஒரு பேக்கரி இப்போது சொல்லியிருக்கிறது: மாவைக் கொண்டு வாருங்கள், சுட்டுப் பார்க்கிறோம், பிடித்தால் வருடம் முழுக்க உங்களிடமே வாங்குகிறோம் என்று.

யாருடைய கோதுமையைக் காட்டுவது? அதுதான் கேள்வி. கயெத்தானுடையதுதான் முதல் தரம், வயலும் அவருக்குத்தான் அதிகம். அவர் சொன்னார் (பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்): “என்ரையைக் காட்டிப்போட்டு எல்லாற்றையையும் கலந்து விப்பீங்கள். பிறகு நான் ஏன் மினக்கெட்டு நல்லதா விளைவிக்கிறன்?”

பிழை என்று சொல்லவும் முடியவில்லை. தலைவர் றெஜான் அவருக்கு இன்னொரு கோப்பி ஊற்றினார். கடைசியில் கயெத்தான் இறங்கி வந்தார். “ஒருக்கால்தான். ஒரே ஒருக்கால்.”

செப்டம்பர் 8, வெள்ளி

மா வந்துவிட்டது. கயெத்தானின் கோதுமையைக் கிராமத்து ஆலையில் அரைத்து, இரண்டு பெரிய கடதாசிப் பைகளில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அம்புறோஸ் வேலை செய்யும் கிடங்கு அந்தப் பேக்கரிக்குப் பின்தெருவில்தான். திங்கள் காலை வேலைக்குப் போகும்போது அவரே இறக்கிவிடுவார் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். முந்திரிக்கொட்டை நான்.

பின்னேரம் அவர் காரில் வந்து என்னை ஏற்றினார். பைகளை டிக்கியில் வைத்தோம். “மா பத்திரம், திங்கக்கிழமை பேக்கரிக்குக் குடுக்கவேணும்” என்று சொன்னேன். ம்... ம்... என்றார். பாலம் முழுக்கத் திருநாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேளாங்கன்னி மாதா திருநாள், பாடகர் குழுவில் இவருக்குத் தனிக் குரல்.

செப்டம்பர் 9, சனி

நாள் முழுக்க நானும் மகள் றொஷினியும் மாதா சொரூபத்தைத் தூக்கிச் சுற்றி வரும் கூட்டுக்குப் பூக்கட்டினோம். இடுப்பு விட்டுப்போச்சு.

செப்டம்பர் 10, ஞாயிறு

எங்கே தொடங்குவது?

திருநாள் அருமையாக நடந்தது. மாதா மழையை நிறுத்தி வைத்தா. அம்புறோஸின் குரல் உடையவில்லை. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல். இடியப்பம் என்றால் அப்படி ஒரு மெது, அப்படி ஒரு வாசம். வெட்கத்தை விட்டு மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினேன். அகப்பையோடு நின்றவர் அல்போன்சம்மா அக்கா. எங்கள் மாடிக்கு மேல்மாடி, எங்கள் பங்கின் சமையல் தளபதி.

“அக்கா, இந்த மா எங்க வாங்கினனீங்கள்? நானும் வாங்கவேணும்.”

“எங்க வாங்கினதோ? இது உம்மட மாவெல்லே பிள்ளை! நேற்று விடிய அம்புறோஸ் ரெண்டு பையைக் கொண்டந்து இறக்கினார். அவிச்சு, அரிச்சு, மற்ற வீட்டு மாவோட கலந்து எல்லாம் முடிஞ்சுது. மாதா உம்மை ஆசீர்வதிப்பா!”

வாயில் இருந்த இடியப்பம் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

எங்கள் வீடுகளில் கோதுமை மா வந்தால் முதல் வேலை அதைத் துணியில் கட்டி ஆவியில் அவிப்பது. பிறகு கட்டி உடைத்து அரிதட்டில் அரிப்பது. அதற்குப் பிறகுதான் புட்டு, இடியப்பம் எல்லாம். அவித்த மா பாணுக்கு உதவாது, தலைகீழாக நின்றாலும் எழும்பாது. மொன்றியலில் வேறு எந்தச் சாதிசனத்தின் வீட்டில் இந்த மாப்பையை வைத்திருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் கண்டால் அவித்துவிடுவார்கள்!

காரில் வைத்து அம்புறோஸைப் பிடித்தேன்.

“இஞ்சருங்கோ, நான் பேக்கரிக்கு எண்டு சொல்லேல்லையோ?”

“நீர் ‘மா பத்திரம்’ எண்டனீர். எல்லா வீடும் மா குடுக்கவேணுமெண்டு சுவாமி பிரசங்கத்திலை சொன்னவர். நீர் சொல்லாமலே வாங்கிப்போட்டீர் எண்டு எனக்குப் பெருமையா இருந்ததப்பா.”

“பேக்கரி எண்டது காதிலை விழேல்லையோ?”

“பாட்டுப் பழகிக்கொண்டெல்லே இருந்தனான்.”

என்ன செய்யிறது இந்த மனுசனை! நாளைக்கு றெஜானுக்கு என்னெண்டு சொல்லுவன்? உங்கட கோதுமையை மாதா சாப்பிட்டிட்டா எண்டோ? வியாழக்கிழமை பேக்கரியில் சுட்டுப் பார்க்கும் நாள். ஐயோ, கயெத்தான். “ஒரே ஒருக்கால்” எண்டெல்லே தந்தவர்!

செப்டம்பர் 11, திங்கள்

நீலக் கோடு, செம்மஞ்சள் கோடு, மஞ்சள் கோடு. மெற்றோவில் மூன்று நிறமும் மாறி மாறி, சொல்ல வேண்டியதைப் பிரெஞ்சில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். “ஆவியில் அவித்தல்” என்பதற்கு நான் வைத்திருந்த சொல்லைக் கேட்டு, காய்கறியையா என்று கேட்டார் றெஜான். இல்லை, மாவை என்றேன். முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“நல்லா இருந்ததா?”

“மூண்டு தரம் சாப்பிட்டன்.”

மனிதர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

கயெத்தான் சிரிக்கவில்லை. இன்னொரு மூட்டை தருவீர்களா என்று றெஜான் தொலைபேசியில் கேட்டபோது, அவருடைய குரல் எனக்கே கேட்டது. “ஒருக்கால் எண்டு சொன்னனான். அவிச்சவையிட்டையே கேளுங்கோ.”

றெஜான் தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “யோசெப்பின், சங்கிலியைத் தொடங்கும்” என்றார். “எல்லாரும் ஆளுக்கொரு வாளி. மழை பட்டது, படாதது, எல்லாம். எங்களிட்டை இருக்கிறதைக் காட்டுவம். விக்கப்போறதும் அதைத்தானே.”

சங்கிலி என்பது இவர்களின் பழைய வழக்கம். நான் இரண்டு பேரை அழைப்பேன், அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேரை அழைப்பார்கள், அப்படியே ஊர் ஊராகப் போகும். கடைசியாகச் செய்தி கிடைப்பவர் தொடங்கியவரை அழைத்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பின்னேரம் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் தொலைபேசி அடித்தது. கயெத்தான்! அவர்தான் கடைசிக் கண்ணி.

“செய்தி எனக்கு வந்து சேர்ந்திட்டுது. நான் வரமாட்டன்.” வைத்துவிட்டார்.

வரமாட்டேன் என்று சொல்வதற்கும் முறை தவறாமல் எடுத்திருக்கிறாரே! இந்த மனிதரை என்னவென்று சொல்வது?

செப்டம்பர் 12, செவ்வாய்

இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. றெஜானோடு கிராமத்து ஆலைக்குப் போனேன். வாசலில் பிக்கப் லொறிகள் வரிசையாக நின்றன. வாளி என்று சொன்னதற்கு வந்தவற்றைப் பார்க்க வேண்டும்: பெயின்ற் வாளி, மேப்பிள் பாணி காய்ச்ச மரச்சாறு பிடிக்கும் வாளி, குழந்தை குளிக்கிற தொட்டி, பூப்போட்ட தலையணை உறை. ஒரு மனுசி திருமணப் பரிசாக வந்த சூப் பானையில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரின் வாளிக்குள் கையை விட்டு அள்ளி, பல்லால் கடித்துப் பார்த்தார்கள். “உன்ரை கொஞ்சம் ஈரம்.” “உன்ரை கொஞ்சம் வாய்.” ஒரே சிரிப்பு.

ஆலைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினார். எந்தத் தானியம் யாருடையது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. என்னைக் காட்டி ஒரு கிழவர் கேட்டார், இவதானா சமைத்தவ என்று. அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டுமாம்.

இந்தப் பைகள் றெஜானின் லொறியில் போகின்றன. அம்புறோஸ் பக்கமே இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

எழும்பியது! பாண் எழும்பியது!

பேக்கரியின் தலைமைப் பெண் சிரிப்பதற்கே காசு கேட்கிற ஆள். மா மிகவும் புதிது, ஆறவில்லை என்று குறை சொன்னார். பிசைந்த மாவை விரலால் அமத்தினார், மணந்தார், காதில் வைத்துக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. அடுப்புக்குள் போனபின் நாங்கள் எல்லாரும் பிரசவ வாசலில் நிற்கிற ஆம்பிளைகள்போல அங்கும் இங்கும் நடந்தோம். வெளியே எடுத்து, பிளந்து, தின்றுவிட்டுச் சொன்னார்: “நேர்மையான பாண்.”

ஆனால் ஒரு நிபந்தனை. வருடம் முழுக்கத் தட்டாமல் கொடுக்க வேண்டும். பாதியில் இல்லை என்று கையை விரிக்கக்கூடாது. றெஜான் கணக்குப் பார்த்தார். எல்லாரும் சேர்ந்தாலும் கயெத்தானின் வயல் இல்லாமல் வருடத்துக்குக் கோதுமை காணாது. டிசம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, எல்லாம் சுற்றிச் சுற்றித் தொப்பியை மேசையில் அடிக்கிற அந்த மனிதரிடமே வந்து நிற்கிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

அம்புறோஸோடு திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் தொலைபேசி. கயெத்தான். முதலில் குரலே பிடிபடவில்லை, அவ்வளவு மெல்லப் பேசினார்.

தனியாகப் போய்த் தூரத்து ஆலை ஒன்றுக்குக் கோதுமையை விற்றிருக்கிறார். லொறி போய்ச் சேர்ந்தபின் அவர்கள் பரிசோதித்துவிட்டு, பூஞ்சணம் பிடித்திருக்கிறது, தீவன விலைதான், இல்லையென்றால் திருப்பிக்கொண்டு போ என்கிறார்களாம். மிச்சக் கோதுமை முழுவதும் அதே களஞ்சியத்தில்தான் கிடக்கிறது. இந்தப் பேர் ஒட்டிவிட்டால் வேறு எந்த ஆலையும் தொடாது.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. இதை எழுதாமல் விட்டால் பொய். ‘அவிச்சவையிட்டைக் கேளுங்கோ’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

திரும்பிப் பார்த்தால் றெஜான் ஏற்கெனவே மேற்சட்டையில் ஒரு கையைப் போட்டுவிட்டார்.

“அவர் எங்களோட நிக்கேல்லையே” என்றேன்.

“கோதுமை விளைவிக்கிறவர்தானே? சங்கம் வேறை என்னத்துக்கு?”

நாக்கை மடித்து வைத்துக்கொண்டேன்.

லொறியில் ஏற்றும்போது ஒவ்வொரு லோட்டிலும் ஒரு பங்கை எடுத்து, சாரதியின் கையெழுத்தோடு முத்திரை வைத்து வீட்டில் வைத்திருங்கள் என்று சங்கம் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. கயெத்தான் முணுமுணுத்துக்கொண்டாவது செய்திருக்கிறார். ஐஸ்கிரீம் டப்பாவில்! அதை இரண்டு பக்கத்துக்கும் சேராத பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை லொறியைத் தொடக்கூடாது என்று ஆலைக்குக் கடிதம். வீட்டில் வைத்துத்தான் முடித்தேன். றொஷினி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் விடுபட்ட கோடுகளை எல்லாம் போட்டுத் தந்தாள்.

“மமான், இது கோபமான கடிதமா, மரியாதையான கடிதமா?”

“ரெண்டும்தான் பிள்ளை.”

“அப்ப சரி.”

அக்டோபர் 26, வியாழன்

பூஞ்சணம் இல்லை! ஆலையின் கருவிதான் பிழை. அங்கே போய்க் கதைக்கும்போது நானும் குறிப்பெடுக்கப் போனேன். ஆலைக்காரர் முதலில் கயெத்தானைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். றெஜான் அசையாமல் நின்று சொன்னார்: “இவருடைய லொறியைப் பற்றி என்றால் எல்லாருடைய லொறியைப் பற்றியும்தான். இங்கேயே கதைப்போம்.” நின்றபடியே கதைத்தோம். முழு விலையும் தருகிறார்கள், பூஞ்சணம் இல்லை என்று திருத்தி எழுத்திலும் தருகிறார்கள்.

கயெத்தான் இந்தமுறை எந்த மேசையிலும் அடிக்கவில்லை. தொப்பி கையிலேயே இருந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் பக்கம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“என்ரை மாவிலை செய்த அந்தச் சாமான்... எப்பிடி இருந்தது? நான் மட்டும்தான் அதைச் சாப்பிடேல்லை.”

சொல்லவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். காரில் ஏறித்தான் கண்ணைத் துடைத்தேன்.

நவம்பர் 18, சனி

கயெத்தான் எங்கள் பகுதிக்கு, கோட்-டெ-நெய்ஜுக்கு வந்தார்! லொறியை நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து, இஸ்திரி போட்ட சேட்டோடு அல்போன்சம்மா அக்காவின் கதவடியில் வந்து நின்றார். கையில் ஒரு மூட்டை மா.

அக்காவுக்குப் பிரெஞ்சில் போன்சூரும் மெர்சியும்தான். மிச்சத்தை உரத்த தமிழில் சொன்னால் யாருக்கும் விளங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. இன்றைக்கு விளங்கத்தான் செய்தது. “சாப்பிடும், சாப்பிடும், வெக்கப்படாதையும்!” என்றதும் கயெத்தான் கோப்பையை நீட்டினார். முதலில் முள்ளுக்கரண்டி. இடியப்பம் வழுக்கிக்கொண்டு ஓடியது. றொஷினி சிரிக்கவும் கையால் பிசையத் தொடங்கினார்.

மாவை எப்படி அவிப்பது என்று எழும்பிப் போய் அடுப்படியில் பார்த்தார். துணியை விரித்தார், முகர்ந்தார். பிறகு என்னைக் கேட்டார்: திருநாள் அன்று அவருடைய மாவில் செய்ததை மட்டும் தனியாக வைத்தார்களா? மற்றதைவிட நல்லதாக இருந்ததா?

அக்காவிடம் தமிழில் கேட்டேன். அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

“கோயில் சாப்பாட்டிலை ஆரின்ரை மா எண்டு ஆரும் கேக்கிறதோ? என்ன கதை இது! அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடும்.”

நான் அப்படியே மொழிபெயர்த்தேன், கோபத்தையும் சேர்த்து. கயெத்தான் கோப்பையை நீட்டிச் சொதியை வாங்கிக்கொண்டார். பிறகு அம்புறோஸ் பாடினார். யாரும் கேட்கவில்லை, பாடினார்.

டிசம்பர் 6, புதன்

பேக்கரிக்கான கூட்டுவிற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் நாள். வாளி கொண்டுவந்த எல்லாரும் வந்தார்கள். சூப் பானை மனுசியும்தான். ஒவ்வொருவராக வைத்தார்கள்.

கயெத்தான் வந்தார். கடைசி வரிசையில் இருந்தார். முறை வந்தபோது, யோசிக்க வேணும் என்று சொல்லிவிட்டுப் பனி தள்ளும் வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம்! அவ்வளவு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு! றெஜான் மட்டும் அமைதியாக இருந்தார். “கையைப் பிடிச்சு வைக்கிற கையெழுத்து எனக்கு வேண்டாம். அவரின்ரை லொறிக்காகப் போனது இதுக்காக இல்லை.” பேக்கரியிடம் ஜனவரி முடிவுவரை தவணை கேட்டிருக்கிறோம். அதற்குமேல் அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

2007 ஜனவரி 9, செவ்வாய்

ஆற்றுக்கு மேலால் போகும் பாலத்தில் மூச்சுக்கூட உறைகிறது. கயெத்தானிடமிருந்து ஒன்றும் இல்லை. வாளிக்காரர் ஒவ்வொருவரும் ஏதாவது சாட்டில் தொலைபேசி எடுத்து, காலநிலையைக் கதைத்துவிட்டு, கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஜனவரி 23, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், தொலைபேசி அடித்தது. தெரியாத குரல். ரொறொன்ரோவில் இருந்து ஒரு தரகர். நல்ல தேன் தடவிய குரல். கியூபெக்கில் மிக உயர்ந்த கோதுமை வைத்திருக்கும் ஒரு விவசாயியோடு காலையில் கதைத்தாராம். சந்தையைவிடக் கூடிய விலை, அவருக்கு மட்டும், தனியாகத் தருவதாகச் சொன்னாராம். அந்த மனிதர் விலையைக்கூடக் கேட்டு முடிக்கவில்லையாம். தான் இனித் தனியாக விற்பதில்லை, கோதுமையைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் லொங்குய்யில் சங்கத்தோடு கதையுங்கள் என்று இந்த இலக்கத்தைக் கொடுத்தாராம்.

“அவருடைய பெயர் கயெத்தான்” என்றார் தரகர். “உங்களுக்குத் தெரியுமா?”

றெஜானுக்குக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினேன். சரியாகக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும், அந்தப் பெயரை இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன்.